'அரைப்பேர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள்

போன கிழமை மட்டும் மூன்று பேர் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். உங்கள் திட்ட மதிப்பீட்டைச் செய்தவர்கள் எப்படி, கூப்பிடலாமா, எவ்வளவு எடுத்தார்கள் என்று. ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். பெயரை இங்கே போடவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன், கொழும்பில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். பம்பலப்பிட்டியில் தும்மினால் பத்தரமுல்லையில் சுகம் விசாரிப்பார்கள்.

எங்களுடையது சின்ன நிறுவனம். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஒபிஸ். மட்டக்களப்பு மாவட்டத்திலும், நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றிலும், கொழும்பு வடக்கில் மட்டக்குளி, முகத்துவாரம் பக்கமும் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்கிறோம். மூன்று வருடத் திட்டம் முடிந்தது, முடிவு மதிப்பீடு வேண்டும் என்று நிதி தந்த டோனர் கேட்டார்கள். எத்தனை பேருக்குக் கோழி கொடுத்தோம், எத்தனை தையல் மெஷின் போனது என்ற கணக்கெல்லாம் எங்களிடமே இருந்தது. கோழி வந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆட்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதை ஒழுங்காக அடுக்கி அர்த்தம் எடுக்க வேண்டும். பண்புசார் ஆய்வு என்று இதற்குப் பெயர். அதோடு, வந்த முடிவுகளை வைத்துக் கொழும்பில் இரண்டு நாள் செயலமர்வு ஒன்றையும் நடத்தித்தர வேண்டும் என்று ஒரே ரி.ஓ.ஆரில், அதாவது வேலை விவரப் பத்திரத்தில், போட்டோம்.

முதலில் பழைய கதை. இடைக்கால மதிப்பீட்டை வேறொரு கொம்பனி செய்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வரவேற்பில் ஓர்க்கிட் பூ. தொண்ணூறு பக்க ஆங்கில அறிக்கை தந்தார்கள், பார்க்க வடிவாக இருந்தது, டோனருக்கும் பிடித்தது. அதில் மேற்கோளாக வந்த பெண்கள் எல்லாரும், முகத்துவாரத்து அக்காவும் சரி, வாகரை மாமியும் சரி, தோட்டத்து அம்மாவும் சரி, ஒரே மாதிரி ஆங்கிலத்தில் ஒரே மாதிரி நன்றி சொன்னார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. காசைக் கட்டிவிட்டோம்.

இந்த முறை ஏழு ப்ரொபோசல் வந்தது. ஆறிலும் ஒரே சொற்கள், ஒரே வட்டங்கள், ஒரே அம்புக்குறிகள். ஏழாவது ஒன்பது பக்கம்தான். மூன்று பேர் கொண்ட குழு: ஹற்றன் பக்கத்தைச் சேர்ந்த ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா, தமிழ் பேசும் சிங்களத் தம்பி ஒருவர், கிழக்கிலிருந்து குறிப்பெடுக்கும் ஒரு பிள்ளை. நேர்முகத்துக்கு வந்தபோது அக்கா எங்கள் பழைய அறிக்கையை அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கிக் கொண்டுவந்திருந்தார். மற்ற ஆறு பேரில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்துக் கேட்டார்: "மிஸ், தோட்டத்துப் பெண்களுக்குப் பெயர்ப் பதிவில் பிரச்சினை, பாதிப் பெயர்தான் பதிகிறார்கள் என்று இருக்கிறதே, இது அரைப்பேராக இருக்குமோ?"

எனக்கு அரைப்பேர் என்றால் என்னவென்றே தெரியாது. கொழும்பில் படித்து வளர்ந்தவள், அம்மாவின் ஊர் வடமராட்சி. மலையகம் எனக்கு ரயில் ஜன்னல் வழியாகத் தெரிந்த இடம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். எடுக்காவிட்டால் அரைப்பேர். "அரைப்பேர்தான் போட்டாங்க" என்று ஒரு அம்மா சொல்லியிருக்கிறார், அதை யாரோ கொழும்பில் இருந்துகொண்டு 'அவருடைய பெயரில் பாதியைத்தான் பதிந்தார்கள்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த வரியை நம்பி, அடையாள ஆவணங்களைத் திருத்தித்தர நடமாடும் சேவை ஒன்று நடத்த வேண்டும் என்று பரிந்துரையும் வந்தது. டோனர் அதைத் தொடரச் சொல்லிக் கேட்டார்கள். நாங்களும் நடமாடும் சேவை ஒன்றை நடத்தினோம்! ஆவணப் பிரச்சினை தோட்டங்களில் உண்மையாகவே இருப்பதால் ஆட்களும் வந்தார்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த அம்மா சொன்னது சம்பளத்தைப் பற்றி. நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆக 2021 வரை இழுத்த, 2024 இல் அடிப்படை 1,350 ஆன அந்தச் சண்டை முழுவதையும் அரைப்பேர் என்ற ஒரு சொல் பாதியாக வெட்டிப்போடும். எங்கள் அறிக்கையில் அது பிறப்புச் சான்றிதழ் விவகாரமாகிவிட்டது.

வேலையை அன்றைக்கே அவர்களுக்கு மனதுக்குள் கொடுத்துவிட்டேன். கேள்விப்பத்திரம், புள்ளியிடல், குழு முடிவு எல்லாம் முறைப்படி நடந்தது, கணக்காய்வாளர் படிக்கிறார் என்றால் அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆரம்ப அறிக்கையிலேயே எங்களோடு சண்டை தொடங்கிவிட்டது. நல்ல சண்டை. மதிப்பீடு என்றால் எல்லாரும் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஈசிடியின் ஆறு அளவுகோல்களையும் வரிசையாகப் போடுவார்கள், ஐந்தாக இருந்ததில் ஒத்திசைவு என்பதை 2019 இல் சேர்த்து ஆறாக்கினார்கள். எங்கள் ரி.ஓ.ஆரிலும் ஆறும் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி. அக்கா சொன்னார், முப்பது கேள்விக்கு விடை தேடினால் முப்பது பந்தி கிடைக்கும், ஒன்றும் விளங்காது, மூன்று அளவுகோலைத் தெரிவு செய்யுங்கள் என்று. டோனரிடம் கேட்டால் உடனே சரி என்றார்கள். நாங்கள்தான் வீணாகப் பயந்திருக்கிறோம்.

அடுத்தது எண்ணிக்கை. நாங்கள் 24 குழுக் கலந்துரையாடல் கேட்டோம், அவர்கள் 12 போதும், மிச்சக் காசில் 18 தனி நேர்காணல் செய்கிறோம் என்றார்கள். காசுக்குக் குறைவான வேலை செய்யப் பார்க்கிறார்களோ என்று எங்கள் நிதிப் பொறுப்பாளருக்குச் சந்தேகம். புதிதாக ஒன்றும் வராத இடத்தில் நிறுத்துவதுதான் இந்த ஆய்வு முறையின் கணக்கு என்று அக்கா விளக்கினார். கெஸ்ட், பன்ஸ், ஜோன்சன் என்ற மூவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு எல்லாரும் காட்டுவார்கள்: கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களில் முதல் 12 முடியும்போதே பெரும்பாலான விடயங்கள் வந்துவிட்டனவாம். ஆனால் இதைச் சொன்ன கையோடு, அவர்கள் ஓரளவுக்கு ஒரே மாதிரியான ஆட்கள், உங்களுடையவர்கள் மூன்று விதம், 12 ஐ மூன்றாகப் பிரித்தால் ஒரு இடத்துக்கு நாலுதான், அதனால்தான் தனி நேர்காணல்களைக் கூட்டுகிறோம் என்றும் சொன்னார். தனக்குச் சாதகமான ஆய்வைக் காட்டிவிட்டு அதில் எங்கே ஓட்டை என்பதையும் தானே சொன்ன ஆலோசகரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

களத்துக்கு நானும் போனேன், மட்டக்களப்புக்கு. முதல் கூட்டத்திலேயே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். உதவி கொடுத்த நிறுவனத்து ஆள் பின்னால் உட்கார்ந்திருந்தால் நன்றிதான் வரும், வேறொன்றும் வராது என்று காரணம். நியாயம்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், அவ்வளவு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க எழுப்பி அனுப்பியது எனக்குக் கோபம். இரண்டு மணித்தியாலம் மாமரத்துக்குக் கீழே ஓட்டோக்காரத் தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு குறிப்புகளை வாசித்தபோது கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

எங்கள் குழுக்களில் கடன் ஒழுங்காகத் திரும்பி வருகிறது என்று மூன்று வருடமாக ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் பெருமையாகப் போட்டோம். அது எப்படித் திரும்பி வந்தது என்று இவர்கள் கண்டுபிடித்தார்கள். புதன்கிழமை வைத்த கூட்டங்களுக்கு ஆள் குறைவாக வந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் 'பங்கேற்பு குறைவு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். குறிப்பெடுக்கும் பிள்ளை ஏன் புதனில் மட்டும் என்று கேட்டிருக்கிறாள். புதன் என்றால் லோன்காரன் வரும் நாள், கிழமைக் காசு கட்ட இல்லாதவர்கள் கதவைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் ஒளித்து நிற்கும் நாள். அந்தக் கிழமைக் கடனை எடுத்ததே எங்கள் சேமிப்புக் குழுவில் தவணை தவறினால் மற்றப் பெண்கள் முன்னால் வெட்கக்கேடு என்பதற்காக! வட்டி கூடிய காசை எடுத்து எங்கள் வட்டி குறைந்த காசைக் கட்டியிருக்கிறார்கள், நாங்கள் அதை வெற்றிக் கதையாகப் படம் பிடித்து நாட்காட்டியில் போட்டிருக்கிறோம். நுண்கடனால் பெண்கள் படும் பாடு ஒன்றும் ஒளித்துவைத்த விடயம் இல்லை, 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவித்த அளவுக்குப் பெரிதாக வெடித்தது. எங்களுக்கும் பத்திரிகையில் தெரியும். எங்கள் குழுவுக்குள் தெரியாது, அவ்வளவுதான்.

இதை எப்படிக் கதைக்க வைத்தார்கள் என்பதுதான் கெட்டித்தனம். கடன் இருக்கிறதா என்று ஒரு இடத்திலும் நேரே கேட்கவில்லை. புளியங்கொட்டை ஒரு பை கொண்டுபோனார்கள். ஒரு மாதத்தில் கைக்கு வரும் காசை இதென்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கெங்கே போகிறதோ அங்கங்கே பிரித்து வையுங்கள் என்று நிலத்தில் படம் போட்டார்கள். ரொபர்ட் சேம்பர்ஸ் போன்ற ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பரப்பிய பங்கேற்பு முறையில் இது அரிச்சுவடிப் பாடம், புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் பெண்கள் வைத்துக்கொண்டே போகக் கொட்டை முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு வட்டம் வெறுமையாக இருக்கிறது. "இதுக்கு எங்கேருந்து எடுக்கிறது?" என்று ஒரு மாமி சிரித்தாராம். அக்கா பேசாமல் இருந்தாராம். பதிவில் அந்த இடத்தில் கிட்டத்தட்ட முக்கால் நிமிடம் காகச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் மீற்றர் வட்டி என்கிற கொடும் வட்டி, கிழமைக் காசு எல்லாம் வெளியே வருகிறது. என்னால் முக்கால் நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? மூன்றாவது செக்கனில் "அதாவது நீங்கள் சொல்ல வருவது" என்று தொடங்கியிருப்பேன்.

ஒப்புதல் விடயத்திலும் கவனம். கிழக்கில் வெற்றுப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் முகம் மாறிவிடும், அதற்கான காரணம் நம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு, ஓம் என்றதைப் பதிவு செய்துகொண்டார்கள், பெயர் இல்லாமல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி, ஒலிப்பதிவுகள் எவ்வளவு காலம் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பந்தி போடச் சொன்னதும் அவர்கள்தான். எங்கள் சட்ட ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டு இது நல்ல யோசனை என்றார். காசு வாங்கிக்கொண்டு அதை மட்டும்தான் சொன்னார்.

அறிக்கையில் மேற்கோள்கள் எல்லாம் பெண்கள் சொன்ன தமிழிலேயே, சொன்ன வாய்மொழியிலேயே இருக்கின்றன. பக்கத்தில் ஆங்கிலம். கடைசியில் நான்கு பக்கச் சொல்விளக்கம்: அரைப்பேர், கைக்காசு, சீட்டு, மீற்றர் வட்டி என்று. மற்றவர்கள் பேச்சுக் குறிப்புகளை அடுக்க என்விவோ, மெக்ஸ்கியூடிஏ என்று மென்பொருள்களின் பெயரை அடுக்கியிருந்தார்கள். இவர்கள் எக்செல்லும் சுவரில் ஒட்டிய நிறக் கடதாசியும்தான். டோனர் பக்கத்தில் ஒருவர் அதற்கு முகம் சுளித்தார். அவரையும் கடதாசி ஒட்டிய அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அரை நாள் நிற்கவைத்தோம், பிறகு கேள்வி வரவில்லை.

செயலமர்வுக்கு வருகிறேன். பௌத்தாலோக மாவத்தைப் பக்கம் ஒரு மண்டபம், நாற்பது பேர். சேமிப்புக் குழுப் பெண்கள், எங்கள் கள உத்தியோகத்தர்கள், பிரதேச செயலகங்களிலிருந்து சிலர், டோனர். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களைக் காலை எட்டரைக்கு உட்கார வைக்கக்கூடாது, முதல் நாள் பத்தரைக்குத்தான் தொடக்கம் என்று பிடிவாதமாக நின்றார்கள். மண்டபத்துக்கு முழு நாள் வாடகை போகிறதே என்று நான் முணுமுணுத்தேன். கதிரைகளை மண்டபக்காரர் போட்டிருந்த வரிசையைக் கலைத்து வட்டமாக்கினார்கள், அதிகாரிகளுக்கு முன்வரிசை இல்லாமல் போனது. முதல் நாள் முழுக்கத் தமிழும் சிங்களமும்தான், அதை அக்காவும் அந்தத் தம்பியும் மாறி மாறிப் பெயர்த்தார்கள். ஆங்கிலம் தேவைப்பட்டவர்களுக்குக் காதுக்குள் சொல்ல ஒரு ஆள். வழக்கமாக நம்முடைய பெண்கள்தான் ஆங்கிலக் கூட்டங்களில் பக்கத்தில் இருப்பவரை இடித்து "என்னவாம்?" என்று கேட்பார்கள். அன்றைக்கு டோனர் அம்மா இடித்தார், பக்கத்தில் இருந்த மட்டக்குளி அக்கா அவருக்குக் கையைக் காட்டி, பொறுங்கோ என்று சைகை செய்தார். வேர்ல்ட் கஃபே மாதிரி மேசை மாறி மாறிப் பேசும் முறையையும் எடுத்தார்கள். அமெரிக்காவில் 1995 இல் ஒரு வீட்டுக் கூட்டத்தில் தற்செயலாகப் பிறந்த முறை அது. அங்கே மேசையில் தாளை விரித்து எழுதுவார்கள், இங்கே எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களும் இருந்ததால் ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் நிலையாக இருந்து கேட்டு, அடுத்து வருகிறவர்களுக்குச் சொன்னார். கிழமைக் கடன் விடயம் அந்த மண்டபத்தில் எங்கள் கள உத்தியோகத்தர்கள் முன்னால் வந்தபோது யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது என்பது வேறு.

இனிக் குறைகள். அறிக்கை ஐந்து கிழமை பிந்தி வந்தது. ஐந்து நாள் இல்லை, ஐந்து கிழமை. டோனரிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் போட்டது நான். அக்கா களத்தில் இருந்தால் போன் எடுக்க மாட்டார், எடுக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை, எல்லாம் அவர் தலையில்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கொம்பனிக்கே காய்ச்சல். ஆங்கில வடிவமைப்பு பள்ளிக்கூடப் பிள்ளையின் ஒப்படை மாதிரி இருந்தது, நாங்கள் வேறு ஆளுக்குக் காசு கொடுத்துச் சரி செய்தோம். சிங்களச் சுருக்கம் அவசரத்தில் எழுதியது என்று எங்கள் சிங்கள சகாக்கள் சொன்னார்கள். பரிந்துரைகளும் இழுவை. அவ்வளவு கூர்மையாகக் கண்டுபிடித்துவிட்டு, 'கலந்தாலோசிப்பது நல்லது' என்று முடித்தால் என்ன செய்வது? அப்புறம் செயலமர்வின் இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தம்பி தூக்கம் கலைக்க ஒரு விளையாட்டு வைத்தார், தவளை மாதிரிப் பாய வேண்டுமாம். முழங்கால் வலிக்காரப் பெரியம்மாமார் இருக்கும் இடத்தில்! ஒரு பெரியம்மா "தம்பி, நீ பாய், நாங்கள் பார்க்கிறோம்" என்றார். அவரும் பாய்ந்தார், பாவம்.

காசு: ஒரு ஆளின் ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு என்ற ஆள்நாள் கணக்கில், பயணம், மண்டபம், மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து முப்பது இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிக் கதவுக்காரர் இந்த முறை கேட்டது கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2025 ஜனவரி 20 ஆம் திகதி அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்திய பிறகு கொழும்பில் எத்தனையோ பேருக்கு வேலை போனது, அனுபவம் உள்ளவர்கள் பலர் ஆலோசகர்களாகிவிட்டார்கள், பேரம் பேச இடமுண்டு. ஆனால் இவர்களிடம் ஆள்நாளைக் குறைக்கச் சொன்னால் கேட்கும் நேரத்தைத்தான் குறைக்க வேண்டி வரும். அதைச் செய்யாதீர்கள். டோனருக்கு வழவழப்பான அறிக்கை, சொன்ன திகதியில், அதுதான் முக்கியம் என்றால் இவர்கள் உங்களுக்குச் சரிவர மாட்டார்கள். நவம்பர், டிசம்பரில் கூப்பிடவும் வேண்டாம், எல்லாரும் மிச்சக் காசை முடிக்க ஆய்வு வைக்கும் காலம் அது, அக்காவைப் பிடிக்கவே முடியாது.

இன்னொன்று. முடிவுகளைச் சொன்னவர்களிடமே கொண்டுபோய் வாசித்துக்காட்ட வேண்டும் என்று அவர்கள் ஒரு செலவுத் தலைப்புப் போட்டிருந்தார்கள், நாங்கள் அதை வெட்டினோம். வெட்டியும் அக்கா தன் ஊர்ப் பக்கம் என்பதால் ஒரு தோட்டத்துக்கு மட்டும் சொந்தச் செலவில் போய் வாசித்திருக்கிறார். கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான், ஆனால் நாங்கள் கொழுந்து குறைவாக எடுத்ததால் மட்டும் கிலோ குறைவதில்லை, தராசில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்களே, அது எங்கே என்று அங்கே கேட்டார்களாம். அதற்குள் அறிக்கையை அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். எங்கள் ஒபிஸ் பிரதியில் மட்டும் அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.